விற்கப் போகும் வீட்டுக்கு ஜன்னல் சீலை போடுவதா, விடுவதா?

கொஞ்சம் நீளமான பதிவு. வீடு விற்க நினைத்திருப்பவர்களும் வீடு தேடித் திரிபவர்களும் ஆறுதலாக வாசியுங்கள்.

பழைய வீட்டைத் திருத்தி விற்பது இப்போது எங்கட பக்கம் கூடிக்கொண்டு வருகிறது. ஓட்டைக் கழற்றிச் சீற் போடுகிறார்கள், சிலிங் அடிக்கிறார்கள், நிலத்துக்கு டைல்ஸ் பதிக்கிறார்கள், மரக் கதவுகளைச் சுரண்டி வார்னிஷ் பூசுகிறார்கள். மேசன் பாஸுக்கும் பெயின்ட் பாஸுக்கும் கூலி கொடுத்து முடித்து, கையில் காசு தீர்ந்துபோன நேரத்தில்தான் இந்தக் கேள்வி வருகிறது. ஆட்கள் வீடு பார்க்க வரும்போது ஜன்னல்களுக்குக் கர்ட்டன் போட்டு வைப்பதா, வெறுமையாக விடுவதா? பள்ளிக்கூடத்தில் மனைப்பொருளியல் படிப்பிக்கிறேன் என்பதால், "டீச்சருக்குத்தான் தெரியும்" என்று கேள்வி என் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

என் பதில்: போடுங்கள். ஆனால் புரோக்கர் சொல்கிற மாதிரிப் போடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், இங்கே யார் வீடு விற்கிறார்கள் என்று பாருங்கள். எங்கட ஊர்களில் வீடு என்பது பொம்புளப் பிள்ளைக்குச் சீதனமாகப் போகிற ஒன்று. மாப்பிள்ளை வந்து இருப்பார், பிள்ளைகள் அதே வளவில் பிறந்து வளரும். அதனால் வீட்டை யாரும் இலேசில் விற்பதில்லை. விற்கிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் ஒரு காரணம் கட்டாயம் இருக்கும். மூன்று மகள்மார் உள்ள வாப்பா, நடு ஊரில் இருக்கும் ஒரு வீட்டை விற்று, கொஞ்சம் உள்ளுக்குப் போய் இரண்டு சின்ன வீடு கட்டப் பார்க்கிறார். வியாபாரம் விழுந்தவர் கடனை அடைக்க விற்கிறார். கொழும்பில் அல்லது வெளிநாட்டில் நிரந்தரமாகி விட்டவர் விற்கிறார். மவுத்தாகிப் போனவரின் சொத்தைப் பங்கு பிரிக்க விற்கிறார்கள். இவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வீடு சீக்கிரம் போக வேண்டும், நல்ல விலைக்கும் போக வேண்டும். இந்த நிலையில் இருப்பவரிடம் "இன்னும் கொஞ்சம் செலவழித்தால் விலை கூடும்" என்று யார் சொன்னாலும் அவர் நம்பிவிடுவார்.

வாங்குகிறவரும் அப்படித்தான். கட்டாரிலோ சவூதியிலோ பத்துப் பன்னிரண்டு வருஷம் கிடந்து சேர்த்த காசு அது. 2022இல் விலைவாசி ஏறினதற்குப் பிறகு புதிதாக ஒரு வீடு கட்டி எழுப்ப முடியாது என்று முடிவெடுத்து, கட்டின வீட்டைத் தேடி வருகிறவர்கள் நிறையப் பேர். சீமெந்து, கம்பி, டைல்ஸ் என்று எதைத் தொட்டாலும் கை சுடுகிறது. அவர்களுக்கு இது வாழ்க்கையில் ஒரே தடவை வாங்கும் பொருள்.

இனி ஜன்னலுக்கு வருவோம். இரண்டு விதமான புத்திமதி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒன்று, புரோக்கர்மார் சொல்வது: எல்லா ஜன்னலுக்கும் நிலம் தொடுகிற மாதிரி இரண்டு அடுக்குக் கர்ட்டன், உள்ளே வெள்ளை நெட், வெளியே பாரமான துணி, மினுங்கும் ரொட்; அப்போதுதான் வீடு 'லுக்'காக இருக்குமாம். மற்றது, வெளிநாட்டில் இருக்கிற மகன்மார் யூடியூப் பார்த்துச் சொல்வது: ஒன்றும் போடாதே, வெளிச்சம் நன்றாக வரட்டும், வாங்குகிறவர் தன் விருப்பப்படி போட்டுக்கொள்வார்.

இரண்டாவது புத்திமதியில் நியாயம் இருக்கிறது. வெறும் ஜன்னல் அறையைப் பெரிதாகக் காட்டும், புதுச் சட்டத்தின் வேலைப்பாடு தெரியும், காசும் மிச்சம். ஆனால் அந்த வீடியோக்களில் வருகிற வீடுகளைக் கவனித்தீர்களா? வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு புல்வெளியே கிடக்கும். பக்கத்து வீடு மரங்களுக்குப் பின்னால் இருக்கும். எங்கட நடு ஊரில் எட்டுப் பேர்ச், பத்துப் பேர்ச் வளவுகள். பத்துப் பேர்ச் என்றால் வெறும் 2,722 சதுர அடி, அதற்குள்ளேயே வீடும், கிணறும், மலகூடக் குழியும், மோட்டார் சைக்கிள் நிறுத்த இடமும். ஜன்னலைத் திறந்தால் மூன்று அடியில் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்தவரின் குசினி. முன்பக்கம் என்றால் ஒழுங்கை. ஒழுங்கையில் எந்த நேரமும் ஆள் போக்குவரத்து.

கொஞ்ச காலத்துக்கு முன் சொந்தக்கார சாச்சி ஒருவரோடு வீடு ஒன்று பார்க்கப் போனேன். அவருடைய இரண்டாவது மகளுக்கு எடுக்கும் யோசனை. அருமையாகத் திருத்தியிருந்தார்கள். சுவர் எல்லாம் பால் வெள்ளை, ஹோலில் பெரிய அலுமினியம் ஸ்லைடிங் ஜன்னல் இரண்டு. ஒரு துண்டுத் துணி இல்லை. அசர் தொழுதுவிட்டு ஆண்கள் எழும்பி வருகிற நேரம். எதிரே தேத்தண்ணிக் கடை. நாங்கள் ஐந்து பெண்கள் ஹோலுக்குள் கால் வைத்ததுமே, கடை வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் எங்களை நேரே பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. அவர்கள் வேண்டுமென்று பார்க்கவில்லை, கண்ணுக்கு முன்னால் கண்ணாடி இருந்தால் கண் போகத்தான் செய்யும். மகள்மார் இரண்டு பேரும் முந்தானையை இழுத்துக்கொண்டு சுவரோரமாக நின்றுவிட்டார்கள். சாச்சி குசினி வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். பத்து நிமிஷம்கூட இருக்காது.

வெளியே வந்ததும் சாச்சி சொன்னது: "ஊடு நல்ல ஊடுதான் மகள். ஆனா ரோட்டுல இரிக்கிற மாதிரி இரிக்கி."

அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. இரண்டு நெட் தொங்கியிருந்தால் அவர் அரை மணித்தியாலம் நின்று, அறை அறையாகப் பார்த்து, அலுமாரி எங்கே வைப்பது என்று மகளோடு கதைத்திருப்பார். வீட்டுக்காரருக்கு இது இன்றுவரை தெரியாது. ஏனென்றால் வீடு பார்த்துவிட்டுப் போகிறவர்கள் காரணம் சொல்வதில்லை, "யோசிச்சிச் சொல்றம்" என்றுதான் சொல்வார்கள்.

எங்கட ஊரில் வீடு வாங்கும் முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதை விற்பவர்கள் மறந்துபோகிறார்கள். முதலில் ஆண்கள் வருவார்கள். உறுதியைப் பார்ப்பார்கள், ஒழுங்கையின் அகலத்தைப் பார்ப்பார்கள், தண்ணி உப்பா நல்ல தண்ணியா என்று கேட்பார்கள், கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். அதெல்லாம் சரி வந்தால் பிறகு உம்மாமார், மகள்மார், மாமிமார் வருவார்கள். அவர்கள் வந்து பார்க்கிற பார்வை வேறு. முக்காடு இல்லாமல் குசினியில் நின்று வேலை செய்ய முடியுமா? அறையில் பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியுமா? பொழுதுபட்டு லைட்டைப் போட்டால் வெளியே என்ன தெரியும்? இதற்கெல்லாம் பதில் ஜன்னலில்தான் இருக்கிறது. ஆகவே ஜன்னல் சீலை எங்களுக்கு அலங்காரச் சாமான் இல்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் எப்படியோ, ஜன்னலுக்குச் சீலை அப்படி. தாழ்ப்பாள் இல்லாத கதவை நீங்கள் 'வாங்குறவர் போட்டுக்கொள்வார்' என்று விடுவீர்களா?

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சிலர் "கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கு, கர்ட்டன் தேவையில்ல" என்கிறார்கள். ரிஃப்ளெக்டிவ் கண்ணாடி பகலில் நன்றாக மறைக்கும். வெளியே வெளிச்சம் அதிகம், உள்ளே குறைவு, அதனால் வெளியில் நிற்பவருக்குத் தன் முகம்தான் தெரியும். மஃரிபுக்குப் பிறகு உள்ளே லைட் எரியும்போது இது அப்படியே தலைகீழாகும். உள்ளே இருப்பவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது, வெளியே நிற்பவருக்கு உள்ளே இருப்பது படம் மாதிரித் தெரியும். வெள்ளை நெட்டும் அப்படித்தான், பகலில் காப்பாற்றும், இரவில் கைவிடும். இதை நம்பி எத்தனையோ வீடுகளில் இரவில் ஹோல் முழுக்க ரோட்டுக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறார்கள் என்பதை நடந்து போகும்போது காண்கிறேன். சொல்வதற்குக் கூச்சமாக இருக்கிறது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆகவே ஒழுங்கைப் பக்கம், ரோட்டுப் பக்கம், பக்கத்து வீட்டு வாசலைப் பார்க்கும் பக்கம் ஆகிய ஜன்னல்களுக்கு நெட்டோடு சேர்த்து இழுத்து மூடக்கூடிய ஒரு துணியும் வேண்டும். வீடு பார்க்க வரும் நேரம் பகல் என்றால் துணியை இரண்டு பக்கமும் ஒதுக்கிக் கட்டிவிட்டு நெட்டை மட்டும் விட்டு வையுங்கள். வெளிச்சமும் வரும், மறைப்பும் இருக்கும். குளியலறைச் சின்ன ஜன்னலுக்கும் குசினி ஜன்னலின் கீழ்ப் பாதிக்கும் துணியே வேண்டாம், பனி படர்ந்த மாதிரியான ஸ்டிக்கரை அளவுக்கு வெட்டி ஒட்டினால் போதும். குசினியில் துணி தொங்கினால் எண்ணெய்ப் புகை ஏறி ஒரு மாதத்தில் நாறும், அடுப்புக்குப் பக்கத்தில் என்றால் ஆபத்தும்கூட.

மற்ற ஜன்னல்களை விட்டு விடுங்கள். முக்கியமாக, மதிலுக்குப் பின்னால் தென்னை மட்டும் தெரிகிற, கடல் காற்று வருகிற கிழக்குப் பக்க ஜன்னலை எதைக் கொண்டும் மூடாதீர்கள். எங்கட கரையில் ஒரு வீட்டுக்கு இருக்கிற பெரிய செல்வமே அந்தக் காற்றுத்தான். வாங்க வருபவர் அந்த ஜன்னலடியில் நின்று முகத்தில் காற்றுப் படட்டும். அதை எந்தப் புரோக்கரின் வாயாலும் விளங்கப்படுத்த முடியாது.

மேற்குப் பக்கம் வேறு கதை. பின்னேர வெயிலும், வருஷத்தின் நடுப்பகுதியில் கச்சான் காற்றும் சேர்ந்தால் அந்த அறை அடுப்பு மாதிரி. கர்ட்டன் போட்டால் சூடு குறையும் என்று நினைக்கிறோம். கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் துணியில் படுகிறது. அந்தச் சூடு துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நின்று அறைக்குள்தான் வரும். வெளியே ஒரு சன்ஷேட், அல்லது ஒரு மரம், உள்ளே பத்துக் கர்ட்டனை விட நல்லது. திருத்த வேலை நடக்கும்போதே மேற்கு ஜன்னலுக்கு மேலே இரண்டடி சன்ஷேட் நீட்டியிருந்தால் கர்ட்டன் செலவில் பாதி தேவைப்படாது. ஆனால் சன்ஷேட் போட்டோவில் வடிவாக இருக்காது என்று பலர் விட்டு விடுகிறார்கள்.

போட்டோ என்றதும் ஞாபகம் வருகிறது. இப்போதைய வீட்டுப் பிளான்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் கோபமும் வருகிறது. கொழும்பில் யாரோ கீறின பிளானைப் பார்த்து, ஒழுங்கைப் பக்கமாக ஏழடி உயரக் கண்ணாடி வைக்கிறோம். வைத்த நாளிலிருந்து அதை இருபத்திநாலு மணித்தியாலமும் பாரமான துணியால் மூடுகிறோம். பகலில் லைட் எரிகிறது, ஃபேன் சுத்துகிறது. மின்சாரக் கட்டணம் கூடிப்போச்சு என்று பிறகு கவலைப்படுகிறோம். எங்கட மூத்தம்மாமாரின் வீடுகளில் ஜன்னல் மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு கதவாக இருக்கும். கீழ்க் கதவைச் சாத்தி மேல்க் கதவைத் திறந்தால் காற்றும் வரும், ஆளும் தெரியாது. பழைய வீட்டைத் திருத்துகிறவர்கள் அந்த ஜன்னல்களைக் கழற்றிப் பழைய மரத்துக்கு விற்காமல், சுரண்டி எண்ணெய் பூசி அப்படியே வைத்தால் கர்ட்டன் கேள்வியே அந்த இடத்தில் இல்லை.

செலவுக்கு வருகிறேன். நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான்.

எங்கட ஒழுங்கைக்குப் பின்னால் இருக்கும் ஒரு ராத்தா, கணவர் இல்லாதவர், கடைசி மகளின் கல்யாணத்துக்காக வீட்டை விற்கிறார். திருத்த வேலைக்கே இருந்தது எல்லாம் போய்விட்டது. பதினொரு ஜன்னலுக்கும் இரண்டு அடுக்குக் கர்ட்டன் தைக்க 170,000 ரூபா கேட்டிருக்கிறார்கள். மிச்சமிருந்த சோடிக் காப்பை அடகு வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார். புரோக்கர் அவரிடம், அந்தக் காசு "இரண்டு மடங்காத் திரும்பி வரும்" என்று சொல்லியிருக்கிறார்.

வராது. எங்கட ஊரில் வீட்டு விலையைத் தீர்மானிப்பது இடமும், பேர்ச்சும், உறுதியின் சுத்தமும், பள்ளிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள தூரமும், மழைக்குத் தண்ணி ஏறுமா ஏறாதா என்பதும்தான். கர்ட்டனுக்காக யாரும் விலையைக் கூட்டிக் கேட்டதை நான் காணவில்லை. நல்ல ஜன்னல் மறைப்பு, வந்தவரைக் கொஞ்ச நேரம் நிம்மதியாக நிற்க வைக்கும். அவ்வளவு வேலைதான் அதற்கு. அந்த வேலைக்கு 170,000 ரூபாத் துணியும் ஒன்று, சொந்தக்காரர் வீட்டிலிருந்து கழுவி அயன் பண்ணிக் கொண்டுவந்த துணியும் ஒன்று. ராத்தாவுக்கு நான்கு ஜன்னல்களுக்கு மட்டும் துணி எடுக்கச் சொன்னேன். காப்பு அவருடைய கையிலேயே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

துணி என்றால் தூரப் போகத் தேவையில்லை. பக்கத்தில் மருதமுனை இருக்கிறது. சுனாமியில் அவ்வளவு அடி வாங்கின பிறகும் கைத்தறியை விடாமல் வைத்திருக்கும் ஊர். சாரத்துக்கும் சாரிக்கும் மட்டுமே அந்த ஊரை நினைக்கிறோம். தறியில் நெய்த பருத்தித் துணி எங்கட காற்றுக்கும் வெக்கைக்கும் எவ்வளவோ நல்லது; மினுங்காது, ஒட்டாது, தொங்கும்போது ஒரு மரியாதை தெரியும். ஒன்று மட்டும்: தைக்க முன் ஒருதரம் தண்ணியில் ஊறப் போட்டுக் காய வையுங்கள். பருத்தி முதல் கழுவலில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் ஜன்னல் கட்டுக்கு மேலே நான்கு விரல் இடைவெளி தெரியும், அதைப் போல அசிங்கம் வேறில்லை.

அளவு பற்றியும் பலருக்கு மயக்கம். நான்கடி அகல ஜன்னலுக்கு நான்கடி ரொட் எடுத்தால் துணியை ஒதுக்கினாலும் கண்ணாடியில் கால்வாசி மறைந்தே இருக்கும். இரண்டு பக்கமும் ஆறு அங்குலம் கூட்டி ஐந்தடி ரொட் போடுங்கள். துணியின் மொத்த அகலம் ரொட்டின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு இருந்தால் போதும், அதற்கு மேல் வெறும் ஆடம்பரம். நீளம், ஜன்னல் கட்டுக்குக் கீழே நான்கு ஐந்து அங்குலம். நிலம் தொடுகிற கர்ட்டன் கடற்கரை ஊருக்குச் சரிவராது. மணலைக் கூட்டி, ஈரத் துடைப்பம் போடுகிற வீடுகள் எங்களுடையவை. ஒரு மாதத்தில் கீழ் ஓரம் கறுத்துப்போகும்.

இன்னொன்று. கையில் கொஞ்சக் காசு மிச்சம் இருந்தால் அதை இரண்டாவது அடுக்குத் துணிக்குப் போடாமல் நுளம்பு வலைச் சட்டத்துக்குப் போடுங்கள். மாரி காலத்தில் டெங்குவுக்குப் பயந்து பொழுதுபட முன்னமே எல்லா ஜன்னலையும் அடைத்துக்கொண்டு வேர்த்து ஒழுகுகிறோம். வலை போட்ட ஜன்னலைக் காணும் எந்தத் தாயும் அதை வாய்விட்டுச் சொல்லாமல் போகமாட்டாள்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம்.

கர்ட்டனை வேறொரு காரணத்துக்காகவும் தொங்க விடுகிறார்கள். ஜன்னலைச் சுற்றித்தான் ஒரு பழைய வீட்டின் நோயெல்லாம் வெளியே தெரியும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலே ஓடும் வெடிப்பு. கட்டுக்குக் கீழே மழைத் தண்ணி இறங்கின கறை. உப்புப் பூத்து உதிரும் பூச்சு. கறையான் தின்று உள்ளே கோதாகிப்போன மரச் சட்டம், மேலே மட்டும் வார்னிஷ். துருப்பிடித்த கிறில். இவை எல்லாவற்றுக்கும் புதுப் பெயின்ட் ஒன்று அடித்து, நிலம் வரை ஒரு பாரமான துணியைத் தொங்கவிட்டு, பகலிலும் எல்.ஈ.டி. லைட்டுகளைப் போட்டு வைத்தால் வந்தவருக்கு மாளிகைதான்.

எங்கட பக்கம் இப்படி ஒரு வீடு கைமாறியது. வெயில் காலத்தில் வாங்கினார்கள். மார்கழி மழை வடக்கிலும் கிழக்கிலும் இருந்து சாய்ந்து அடிக்கத் தொடங்கினதும் இரண்டு அறைகளில் ஜன்னலுக்குக் கீழே சுவர் ஊறி, மெத்தை வரைக்கும் தண்ணி. கர்ட்டனை விலக்கிப் பார்த்தால், பெயின்டுக்கு அடியில் பழைய கறையின் ஓரம் வரி வரியாக. விற்றவர் "எனக்குத் தெரியாது" என்கிறார். வாங்கினவர் "நாலு மாரி இருந்தவருக்குத் தெரியாதா" என்கிறார். கொழும்பில் என்றால் விற்றவரும் வாங்கினவரும் பிறகு ஒருவரை ஒருவர் காண வேண்டிய தேவை இல்லை. இங்கே இரண்டு பேரும் ஒரே பள்ளியில் ஒரே சஃப்பில் நிற்கிறவர்கள். பிள்ளைகள் ஒரே வகுப்பு. இன்றைக்கு ஸலாம் இல்லை. அந்தப் பிள்ளைகளை ஒரு வாங்கில் இருத்திப் படிப்பிக்கிறவளாக இதை எழுதுகிறேன்.

மேலே காய்ந்த தானியத்தைக் காட்டி அடியில் நனைந்ததை வைத்திருந்த வியாபாரியிடம், குவியலுக்குள் கை விட்டுப் பார்த்த நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள், நனைந்ததை ஆட்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட சம்பவம் எங்கட எல்லாருக்கும் தெரியும். ஜும்ஆவிலும் கேட்டிருக்கிறோம். தானியத்துக்குச் சொன்னது வீட்டுக்கு இல்லையா? மௌலவிமார் இதை விரிவாகச் சொல்லுவார்கள், நான் அதற்குள் போகவில்லை. ஈரக் கசிவு இருந்தால் திருத்துங்கள். திருத்தக் காசு இல்லையென்றால் அந்த ஜன்னலுக்குச் சீலை போடாமல் விட்டு, "இதில் மழைக்குத் தண்ணி இறங்குது காக்கா, அதுக்கேத்த மாதிரி விலையைப் பேசுவம்" என்று சொல்லுங்கள். ஒரு லட்சம் குறையலாம். வாங்கினவரின் முகத்தைப் பிறகு பார்க்கலாம்.

வாங்கப் போகிறவர்கள், வீட்டுக்காரர் முகம் சுளிப்பார் என்று வெட்கப்படாமல் ஒவ்வொரு கர்ட்டனையும் விலக்குங்கள். ஜன்னலைத் திறந்து மூடிப் பாருங்கள். இறுகினால் சட்டம் சாய்ந்திருக்கிறது. மரச் சட்டத்தின் கீழ் மூலையைச் சாவியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள், கோதான சத்தம் வரும். பகலில் ஒருதரம், மஃரிபுக்குப் பிறகு லைட்டைப் போட்டுவிட்டு ஒழுங்கையில் நின்று ஒருதரம் பார்க்க வேண்டும். முடிந்தால் மழை பெய்த மறுநாளும் போங்கள். சொந்த வீட்டுப் பெண்களைக் கூட்டிப்போகாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு சின்னச் சச்சரவு. கர்ட்டன் வீட்டோடு சேர்த்தியா, இல்லையா? உறுதி முடித்துச் சாவி வாங்கப் போனவர்கள், ஜன்னல்கள் எல்லாம் மொட்டையாக நிற்பதைக் கண்டு திகைத்த கதைகள் இருக்கின்றன. விற்றவர் ரொட்டைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருப்பார், சுவரில் ஆணி ஓட்டைகள் மட்டும் மிச்சம். சுவரோடும் நிலத்தோடும் நிலைத்திருப்பவை வீட்டோடு போகும், கதவு, ஜன்னல், கிறில் மாதிரி. கழற்றிக்கொண்டு போகக்கூடிய துணி அப்படி இல்லை, பேசிக்கொண்டால்தான் உண்டு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி வீட்டு விற்பனை என்றால் நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த உறுதியில் வளவின் எல்லை இருக்கும், வீடு இருக்கும், உங்கள் ஹோல் கர்ட்டன் இருக்காது. ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் அன்றைக்கே ஒரு கடுதாசியில் எழுதிக்கொள்ளுங்கள்: கர்ட்டன், ரொட், நுளம்பு வலை, ஃபேன், தண்ணி மோட்டார் என்று எது நிற்கும், எது போகும்.

விற்பவர்களிடம் என் வேண்டுகோள், ரொட்டையாவது விட்டுவிட்டுப் போங்கள். வாங்குகிறவர் முத்திரை வரி கட்டியிருப்பார், முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதமும் மிச்சத்துக்கு 4 வீதமும். லோயருக்குக் கொடுத்திருப்பார், லொறிக்குக் கொடுத்திருப்பார். குடி போகும் அன்றைக்கு இரவு அந்தக் குடும்பத்துக்கு ஒழுங்கைப் பக்க ஜன்னலில் தொங்கவிட ஒரு துப்பட்டி இருக்கும், அதைக் கொழுவ ரொட் இருக்காது.

சந்தேகம் இருந்தால் பின்னேரம் நாலரைக்குப் பிறகு வீட்டுக்கு வாருங்கள். ஜன்னல் அளவைக் குறித்துக்கொண்டு வந்தால் துணிக் கணக்கைப் போட்டுத் தருகிறேன்.